மேடுபள்ளத்தில் அலையும் ஸ்போர்ட்ஸ் கார்: கோளாறு முன்னாலா, பின்னாலா?

கேள்வி: 1993-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் வண்டி வைத்திருக்கிறேன். முந்தைய உரிமையாளர் ஏறக்குறைய 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும், 15 அங்குல ரிம்மும், 205/50 டயரும் போட்டிருக்கிறார். மோட்டார்வேயில் நேராக ஓடுகிறது. ஒட்டுப்போட்ட கிராமத்துச் சாலையிலும் லாரித் தடம் விழுந்த இடத்திலும் இடமும் வலமுமாக அலைகிறது. இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்தும் பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: மூன்றாவது அலைன்மென்ட்டுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். அலைன்மென்ட் மேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது. உங்கள் வண்டிக்கு வரும் கோளாறோ சக்கரம் மேலேறி இறங்கும்போது மட்டும் தலைகாட்டுகிறது. மேடையில் எல்லா அளவும் பச்சையாகத் தெரிந்தும் சாலையில் வண்டி அலைவது இதனால்தான்.

முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஆளில்லாத சாலையில், மணிக்கு 40 மைல் வேகத்தில், இரு கையாலும் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அந்த மேடுபள்ளத்தின் மேல் போங்கள். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால் சந்தேகம் முன்பக்கம்: டயர், ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மை வண்டியில் பூட்டும் முகத்துக்கும் அதன் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம்), பம்ப் ஸ்டியர் (சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது). ஸ்டியரிங் அசையாமல் இருக்க, வண்டி மட்டும் திரும்பினால் பின்சக்கர டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு) அல்லது பின் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பில் உள்ள ரப்பர் உறை). ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் நகர்ந்தால் அது ஏறக்குறைய உறுதியாகப் பின்பக்கம்தான். ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியும் வண்டி தாமதமாகக் கேட்டால் எங்கோ ஆட்டம் இருக்கிறது.

அடுத்து டயர். 185/60 ஆர்14 டயரோடு இந்த வண்டிக்கு நிறுவனம் சொன்ன அழுத்தம், டயர் குளிர்ந்திருக்கும்போது 26 பிஎஸ்ஐ. ஒரு டன்னுக்கும் குறைவான வண்டி இது. கனமான செடானுக்கு அடிக்கும் பழக்கத்தில் 33, 34 என்று அடித்துவிடுகிறார்கள்; டயர் கல்லாகி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளுகிறது. உங்கள் 205 டயருக்கும் 26-லேயே தொடங்கி, ஒவ்வொரு பிஎஸ்ஐயாக ஏற்றி ஓட்டிப் பாருங்கள். டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. குறைவாக ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும், அதனால் பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

அகலமான, பக்கச் சுவர் தாழ்ந்த டயர் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் எளிது. தடத்தின் சரிவில் டயரின் ஒரு விளிம்பு மட்டும் அழுந்துகிறது. அந்த விசை டயரின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுவதால் சக்கரத்தைத் திருப்பப் பார்க்கிறது. லாரியின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் உங்கள் வண்டியுடையதைவிட மிக அதிகம். ஆகவே எம்எக்ஸ்-5-இன் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தடத்தில் உட்காராது; எப்போதும் ஒரு சக்கரம் சரிவில் நிற்கும்.

ரிம்மின் ஆஃப்செட் இதைவிட முக்கியம். அசல் 14 அங்குல ரிம் இடி45, அதாவது ஆஃப்செட் 45 மி.மீ. கடையில் அழகுக்காக வாங்கும் ரிம் இடி25 என்றால், சக்கரத்தின் நடுக்கோடு 20 மி.மீ. வெளியே தள்ளிப்போகிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் அதே 20 மி.மீ. மாறுகிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அந்தத் தூரமே நெம்புகோலாகி ஸ்டியரிங்கை இழுக்கும். ஸ்பேசர் போட்டாலும் இதே கதைதான். ரிம்மின் உட்புறத்தில் பொறித்த எண்ணைப் பாருங்கள். முடிந்தால் நண்பரிடம் அசல் 14 அங்குலச் சக்கரம் நான்கையும் இரவல் வாங்கி ஒரு நாள் ஓட்டுங்கள். அலைச்சல் பாதிக்கு மேல் குறைந்தால், ஒரு போல்ட்டும் கழற்றாமலே காரணம் தெரிந்துவிடும்.

குறையவில்லையா? ஆட்டத்தைத் தேடுங்கள். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டியரிங்கை 5 செ.மீ. அளவுக்கு இடமும் வலமும் விரைவாக ஆட்டட்டும். நீங்கள் டை ராட் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) எண்ட், ரேக்கின் (ஸ்டியரிங் திரும்பும்போது பக்கவாட்டில் நகரும் பல்சட்டம்) உள் ஜாயின்ட், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் பின்தங்கினால் விரலுக்குத் தெரியும். ரேக் புஷ்ஷைப் பலரும் பார்ப்பதில்லை. அது நைந்தால் ரேக் முழுவதும் பக்கவாட்டில் நகரும். டை ராட்டை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

பிறகு ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரைக் கடிகாரத்தின் 12, 6 மணி நிலையில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். பிரேக் டிஸ்க்கை காலிப்பரோடு பூட்டிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் மறைகிறது. மிதித்தும் போகாவிட்டால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில் உள்ள உருண்டை மூட்டு) அல்லது புஷ். 3, 9 மணி நிலையில் மட்டும் ஆடினால் டை ராட். முன் பேரிங் ஹப்போடு (சக்கரம் பூட்டும் நடுப்பாகம்) சேர்ந்த ஒரே பாகம், இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்ற வேண்டும். ஹப் நட்டும் புதிதாகப் போட்டு 170 முதல் 215 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, விளிம்பைத் தட்டி மடக்குங்கள். கீழ் பால் ஜாயின்ட் தனியாகக் கிடைக்கும். மேல் பால் ஜாயின்ட் மேல் ஆர்மோடு சேர்ந்தே வரும்.

இனி உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகிக்கும் இடம்: தாழ்த்திய ஸ்பிரிங். எம்எக்ஸ்-5-இல் சக்கரம் மேலேறும் இடம் முதலிலேயே குறைவு. 40 மி.மீ. தாழ்த்தினால் நின்ற நிலையிலேயே ஷாக் அப்சார்பர் பம்ப் ஸ்டாப்பை (கடைசியில் முட்டும் ரப்பர் கட்டை) தொட்டுவிடக்கூடும். ஷாக்கின் தண்டில், பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டுங்கள். தூசி உறை இருந்தால் சுருட்டி மேலே தள்ளிக் கட்டுங்கள். அந்தச் சாலையில் ஒரு சுற்று போய்வந்து பாருங்கள். டை ஷாக்கின் உடல் தள்ளித் தள்ளி பம்ப் ஸ்டாப்போடு ஒட்டிக் கிடந்தால், சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் ரப்பர் கட்டையில் முட்டுகிறது. முட்டும் கணத்தில் அந்தப் பக்கத்து விறைப்பு பல மடங்கு ஏறி, டயர் தரையை விட்டுத் துள்ளுகிறது. தீர்வு உயரத்தைக் கூட்டுவது. பம்ப் ஸ்டாப்பை வெட்டி எறிவதல்ல. வெட்டினால் ஷாக் உள்ளேயே முட்டி உடையும்.

தாழ்த்தியதால் வரும் இன்னொன்று பம்ப் ஸ்டியர். டை ராட்டும் கீழ் ஆர்மும் வெவ்வேறு வட்டத்தில் சுழன்றால், சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் டோ மாறும். அதாவது நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். அளக்க: ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை நடுவில் பூட்டி, ஹப்பில் தட்டையான பலகை பொருத்துங்கள். ஓட்டும் உயரத்திலிருந்து மேலே 40, கீழே 40 மி.மீ. வரை 10 மி.மீ. படிகளில் ஜாக்கியால் நகர்த்தி, பலகையின் முன் ஓரமும் பின் ஓரமும் எவ்வளவு விலகுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேக் முன்சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கும் இந்த வண்டியில், ஏறும்போது டோ-அவுட் (சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்புவது) ஆனால் டை ராட்டின் வெளி முனை உயர வேண்டும். டோ-இன் (உள்ளே திரும்புவது) ஆனால் தாழ வேண்டும். அளக்காமல் பம்ப் ஸ்டியர் கிட் வாங்கிப் போடுவது குருட்டு வைத்தியம். கோளாறு இரட்டிப்பாகவும் கூடும்.

இத்தனையும் முடிந்த பின்தான் அலைன்மென்ட். சாலையில் ஓட்டும் வண்டிக்கு: முன் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) மைனஸ் 1 டிகிரி, பின் மைனஸ் 1.5, காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) 5 டிகிரி சுமார், இடவலம் ஒத்திருக்க வேண்டும், முன் டோ-இன் மொத்தம் 1 முதல் 2 மி.மீ., பின் டோ-இன் மொத்தம் 2 முதல் 3 மி.மீ. பின்சக்கரத்தில் டோ-அவுட் துளியும் கூடாது. ஒரு பின்சக்கரம் மேட்டில் பாரம் இழந்ததும் மறுசக்கரம் தான் பார்க்கும் திசைக்கு வண்டியின் வாலைத் தள்ளிவிடும். ஓட்டுநர் எடைக்குச் சமமான மூட்டையை இருக்கையில் வைத்தே அளக்கச் சொல்லுங்கள். இவ்வளவு இலேசான வண்டியில் 75 கிலோ வித்தியாசம் காட்டும்.

கேள்வி: அலைன்மென்ட் மையத்தை நம்பாமல் வீட்டிலேயே நூல் கட்டி டோ அளக்க முடியுமா?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: முடியும், நிதானமாகச் செய்தால் துல்லியமாகவே வரும். தரை சமமாக இருக்கட்டும். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். நான்கைந்து மீட்டர் முன்னும் பின்னும் உருட்டினால்தான் டயர் தன் இடத்தில் உட்காரும். இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, ஹப் நடுவின் உயரத்தில் நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு அச்சிலும் ஹப் மூடியிலிருந்து நூலுக்கு இடமும் வலமும் ஒரே தூரம் இருக்க வேண்டும். முன் அகலமும் பின் அகலமும் ஒன்றல்ல என்பதை மறக்க வேண்டாம். எம்எக்ஸ்-5-இல் பின்பக்கம் 1.5 முதல் 2 செ.மீ. அகலம் கூடுதல். முன் ஹப்பில் நூல் தள்ளி நிற்கும் தூரம் பின் ஹப்பில் உள்ளதைவிட அதில் பாதி கூடுதலாக இருந்தால்தான் நூல் வண்டிக்கு இணை.

பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளவெடுங்கள். முன் விளிம்பில் அளவு அதிகம் என்றால் டோ-இன். 14 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.15 டிகிரி. முன்னால் சரிசெய்யும்போது இரு டை ராட்டையும் சமமாகத் திருப்புங்கள், இல்லையேல் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். லாக் நட்டை இறுக்கிய பின் இன்னொரு முறை அளக்காமல் எழுந்துவிடாதீர்கள், இறுக்கும்போதே அளவு நகரும்.

கேள்வி: பின் டோவை மாற்றப் போனால் போல்ட் ஒன்றும் திரும்பவில்லை. மெக்கானிக் கைவிரித்துவிட்டார்.
– வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பின் வேலை. எம்எக்ஸ்-5-இன் கீழ் ஆர்ம்களில் முன்னால் நான்கும் பின்னால் நான்குமாக எட்டு கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தி அளவை மாற்றும் போல்ட்) உண்டு. போல்ட்டும் புஷ்ஷின் உள்ளே இருக்கும் எஃகுக் குழாயும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. முரட்டுத்தனமாகத் திருப்பினால் ரப்பர்தான் முறுகும். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பும். அளவு மாறியதுபோல் காட்டி, நூறு மைலில் மீண்டும் அலைய வைப்பது இதுவே.

துரு இளக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் காலையும் மாலையும் விடுங்கள். கேம் தட்டின் தற்போதைய இடத்தைப் பெயின்ட்டால் குறியுங்கள். நட்டைத் தளர்த்தி, போல்ட்டை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் வெட்டுவதே நேர்வழி: ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் (ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டம்) இடையே இரு பக்கமும் ரம்பத்தால் அறுத்து, புது போல்ட், புது கேம் தட்டு, புது புஷ் போடுங்கள். நெருப்பு காட்டினால் ரப்பர் பற்றிக்கொள்ளும், பின்பக்கம் பெட்ரோல் டேங்கும் அருகில் இருக்கிறது. எனவே வேண்டாம். புது போல்ட்டின் தண்டில் துரு தடுக்கும் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள். ரப்பர் புஷ் என்றால் கடைசி இறுக்கம் வண்டி தன் காலில் நிற்கும்போது மட்டுமே. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு விரைவில் கிழியும்.

கேள்வி: டை ராட், பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் புதிது. டயரும் புதிது. ஆட்டம் எங்கும் இல்லை. ஆனாலும் வண்டி நேரே நிற்க மறுக்கிறது, ஓயாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது.
– வாசகர், ஹாரோ, இங்கிலாந்து

பதில்: ஆட்டம் அதிகமானாலும் அலையும், இறுக்கம் அதிகமானாலும் அலையும். இரண்டாவதைத்தான் யாரும் தேடுவதில்லை. இன்ஜினை நிறுத்தி, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் மட்டும் பிடித்து இழுத்தால் ரேக்கின் அழுத்தத் திருகை யாரோ அதிகம் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு அரைச்சுற்றிலும் இறுகித் தளர்ந்தால் ஸ்டியரிங் கம்பியின் யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. எங்கும் சீராகக் கனத்தால் டை ராட் முனைகளை ஹப்பிலிருந்து விடுவித்து, ஹப்பை மட்டும் கையால் திருப்பிப் பாருங்கள். கனம் அங்கேயே இருந்தால் புது பால் ஜாயின்ட்தான் இறுக்கம். இப்படிப்பட்ட வண்டி பள்ளம் திருப்பிய பக்கத்திலேயே நின்றுவிடும், தானாக நடுவுக்கு வராது. நீங்கள் ஓயாமல் திருத்துவது அதைத்தான்.

கூடவே வண்டி மூக்கு குனிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே 2265 மி.மீ. உள்ள எம்எக்ஸ்-5-இல், முன்பக்கம் பின்னைவிட 20 மி.மீ. அதிகம் தாழ்ந்தால் காஸ்டரில் அரை டிகிரி போய்விடும். நடுவுக்குத் திரும்பும் பலம் அங்கிருந்துதான் வருகிறது. ரேக்கின் அழுத்தத் திருகைத் தளர்த்த நினைத்தால் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, மேட்டில் டக்டக் என்ற சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.