அச்சேறிய பிறகே கண்ணில் படும் பிழை
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் தெரு நூல் நிலையத்தின் வெள்ளிவிழா மலரை மூன்று பேர் படித்துப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். ஆயினும், முதல் பக்கத்திலேயே நிறுவனரைப் பற்றி, 'பல இளைஞர்களுக்கு வேலைக் கொடுத்தார்' என்றிருப்பதைக் காட்டி ஒரு தமிழாசிரியர் சிரித்துவிட்டார். எங்கே தவறினோம்?
– ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. 'வேலை கொடுத்தார்' என்றால் பணி கொடுத்தார்; நடுவில் ஒரு 'க்' நுழைந்துவிட்டால், முருகன் கையிலிருக்கும் வேலை எடுத்துக் கொடுத்தார் என்றாகிவிடும். மூவரும் படித்தீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் செய்தியைப் படித்தீர்கள், எழுத்தைப் படிக்கவில்லை. நிறுவனரை நேரில் அறிந்தவருக்கு அடுத்த சொல் இன்னதென்று முன்பே தெரியுமாதலால், கண் சொல்லின் தலையையும் வாலையும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. எழுதியவரே மெய்ப்புப் (அச்சுக்கு முன் பிழை திருத்துவதற்கான படி) பார்த்தால் போதாது என்பது இதனால்தான்.

ஈய எழுத்துக் காலத்தில், மூலப்படியை ஒருவர் ஒற்றும் காற்புள்ளியும் விடாமல் உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துச் சரிபார்க்கும் முறை இருந்தது. ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்த வரிகளும் தள்ளிப்போய், எழுத்துகளை மறுபடி கோக்கும்போது புதுப் பிழை பிறக்குமென்பதால், திருத்திய வரியோடு அதன் அண்டை வரிகளையும் மீண்டும் பார்க்க வேண்டியிருந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே, தங்கசாலைத் தெருவில், அச்சுக்கூடம் நடத்தியவர் ஆறுமுக நாவலர்; பிழை அரிது என்பதற்காகவே அவருடைய பதிப்புகளை இன்றும் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். பழைய நூல்களின் முகப்பில் 'பரிசோதித்து' என்றொரு சொல்லைக் காணலாம். அவ்வளவு பரிசோதித்தும் தப்பியவற்றுக்கு நூலின் இறுதியில் 'பிழையும் திருத்தமும்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்த வழக்கம் மறைந்தது எனக்கு வருத்தமே.

ஒரு சொல் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு 1631ஆம் ஆண்டில் லண்டனில் அச்சான விவிலியம் சான்று. பத்துக் கட்டளைகளுள் ஒன்றில் மறுப்புச் சொல் விடுபட்டதால், 'விபசாரம் செய்வாயாக' என்று அது கட்டளையிட்டது. அரசரின் அச்சகத்தாருக்கே 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

கேள்வி: இப்போதுதான் கணினியில் சொற்பிழை திருத்தும் மென்பொருள் வந்துவிட்டதே?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: 'பாரதி' என்பது 'பரரதி' ஆகியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். பழைய எழுத்துருவில் இருந்ததை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போதும், அச்சுப் பக்கத்தைக் கணினி வருடிப் (ஸ்கேன் செய்து) படிக்கும்போதும், துணைக்காலும் ரகரமும் இவ்வாறு இடம் மாறிவிடுவதுண்டு. ஆனால் 'அறம்' 'அரம்' ஆனாலும், 'தலைவர் பணி' 'தலைவர் பனி' ஆனாலும் அது வாய் திறக்காது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் அல்லவா? எண்களின் கதையும் இதுவே. ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர்கள் சித்தப்பா, பெரியப்பா பெயர்களை நான்கு முறை பார்க்கிறார்கள். தேதியும் கிழமையும் ஒத்துப்போகின்றனவா என்று நாட்காட்டியை எடுத்துப் பார்ப்பவர் குறைவு.

கேள்வி: பிறருக்குச் சொல்கிறீர்களே, சென்ற இதழில் எங்கள் ஏழுகிணற்றை 'ஏழுகினறு' என்று தலைப்பிலேயே அச்சிட்டது யார்?
– ஒரு வாசகர், ஏழுகிணறு

பதில்: நாங்கள்தான். கட்டுரையை இருமுறை மெய்ப்புப் பார்த்தோம். பக்கம் வடிவமைத்த பின், இடம் போதவில்லை என்று தலைப்பை மட்டும் சுருக்கிப் புதிதாகத் தட்டச்சு செய்தபோது, அதை எவரும் படிக்கவில்லை. பெரிய எழுத்தில் பிழை இராது என்று கண் தானாகவே முடிவுசெய்துவிடுகிறது. இம்முறை தலைப்புகளை மட்டும் தனித்தாளில் எடுத்து, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்திருக்கிறோம். அதையும் மீறி ஏதேனும் தென்பட்டால், பக்க எண்ணோடு எழுதுங்கள்.