மில் வேலையில் இருந்துகொண்டே வார்டு உறுப்பினருக்கு நிற்பது எப்படி?

கேள்வி: எனக்கு 24 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பு மில்லில் ஷிப்ட் வேலை. அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் தெருவுக்குக் குடிநீர் ஒழுங்காக வருவதில்லை. அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். கட்சியும் இல்லை, காசும் இல்லை. தலைவர் பதவிக்கு நிற்பதா, வார்டுக்கா? என்னென்ன வேண்டும்? வேலைக்குச் சிக்கல் வருமா?

பதில்: வார்டுக்கு நில்லுங்கள். கட்சி இல்லையே என்று தயங்க வேண்டாம். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு பதவிகளுக்குமே கட்சி அடிப்படையில் தேர்தல் இல்லை. எல்லாருக்கும் சுயேச்சைச் சின்னம்தான். ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் தேர்தல்களில்தான் கட்சிச் சின்னம் வருகிறது.

காசு விஷயத்திலும் வார்டுதான் உங்களுக்கு ஏற்றது. கடந்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு இதில் பாதி. செலவு வரம்பு வார்டுக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய். புதிய அறிவிப்பு வரும்போது இந்தத் தொகைகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தலைவர் தேர்தல் என்றால் ஊராட்சியின் எல்லாக் குக்கிராமங்களுக்கும் போக வேண்டும். உங்கள் முகமே தெரியாத தெருக்கள் பாதி இருக்கும். அங்கே வரம்பை மதிக்காமல் பணம் இறைப்பவர்களோடு மோத வேண்டியிருக்கும். வார்டில் உங்கள் அம்மா எந்தச் சந்தில் தண்ணீர் பிடிக்கிறார் என்பதுகூட எல்லாருக்கும் தெரியும்.

வார்டு உறுப்பினருக்கு அதிகாரமே கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மாதச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்கு வந்தால் சொற்பமாக அமர்வுப் படி. ஆனால் துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களிலிருந்துதான் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் ஒப்புதலும் வேண்டும். அதனால் தேர்தல் முடிந்த வாரத்திலேயே ஒவ்வொரு உறுப்பினரின் வாக்குக்கும் மதிப்பு வந்துவிடும். "என் வாக்கு வேண்டுமென்றால் முதல் கூட்டத்தில் எங்கள் தெருக் குழாய்த் தீர்மானம் வர வேண்டும்" என்று கேட்க முடிகிற இடம் அது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். திண்டுக்கல் உட்பட 2019 டிசம்பரில் வாக்களித்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள், அதாவது அரசு அதிகாரிகள், பொறுப்புக்குப் போயின. தேர்தல் அறிவிப்பு வந்தபின் நேரம் மிகக் குறைவு. 2019-ல் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிசம்பர் 9-ல் வேட்புமனு தொடங்கி 16-ல் முடிந்தது, 17-ல் பரிசீலனை, 19-ல் வாபஸுக்குக் கடைசி நாள், 27-ல் முதல் கட்ட வாக்குப்பதிவு. வாபஸ் முடிந்தபிறகுதான் சின்னம். வாக்குப்பதிவுக்கு முன் 48 மணி நேரம் பிரசாரம் கூடாது. ஆக, உங்கள் சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கையில் இருப்பது ஏறக்குறைய ஆறே நாள். ஷிப்ட் வேலைக்காரருக்கு ஆறு நாளில் எதையும் புதிதாகத் தொடங்க முடியாது. அதற்கு முந்தைய மாதங்களில் செய்ததுதான் ஓட்டாக வரும்.

முதலில் வாக்காளர் பட்டியல். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டுவாரியாகப் பிரித்து உள்ளாட்சித் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் பெயர் இல்லையென்றால் நிற்கவும் முடியாது, ஓட்டுப் போடவும் முடியாது. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் குடும்பங்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். விடுபட்டிருந்தால் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. உங்கள் தெருவில் நான்கு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது நூறு சுவரொட்டிக்குச் சமம்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு நோட்டில் வீடுவீடாக எழுதுங்கள்: வீட்டு எண், எத்தனை ஓட்டு, யார் வெளியூரில், யாருக்கு நடக்க முடியாது. உதாரணத்துக்கு உங்கள் வார்டில் 300 ஓட்டு, அதில் 225 பதிவாகிறது, நான்கு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 85, 90 ஓட்டு வாங்குபவர் ஜெயித்துவிடலாம். அது 30 வீடு. அந்த 30 வீடு எவை என்று பெயர் சொல்லி உங்களால் எழுத முடிகிறதா? முடியவில்லை என்றால் இன்னும் வேலை பாக்கி. ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான். வெளியூரில் இருக்கும் ஒரு ஓட்டைப் பஸ் ஏற்றிவிட மறந்தது அங்கே தெரியும்.

அடுத்தது உங்கள் பிரச்சினை, குடிநீர். "தண்ணீர் வரவில்லை" என்று மனுக் கொடுத்தால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும், அவ்வளவுதான். மேல்நிலைத் தொட்டி எத்தனை லிட்டர், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, உங்கள் தெருவுக்கான கேட் வால்வு எங்கே இருக்கிறது, அதை எத்தனை நிமிடம் திறக்கிறார்கள், மேட்டுப் பகுதிக்கு ஏறும்முன் நடுவில் யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். பல இடங்களில் குழாய் மாற்ற வேண்டியதே இருக்காது. வால்வைத் திறக்கும் வரிசையை மாற்றினால் போதும். அப்படிச் சரியாகிவிட்டால் தேர்தலுக்கு முன்பே நீங்கள் ஒரு வேலை முடித்தவர்.

அந்தக் குறிப்போடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். படிவம் 30 எங்கே என்று கேளுங்கள். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அதில்தான் இருக்கும். கிராம சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய படிவம். குடிநீர்ப் பராமரிப்புக்கு எழுதியிருக்கும் தொகையை வாசித்து, எந்தத் தெருவில் என்ன வேலை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை அங்கேயே இருங்கள். கூட்டம் கலைந்தபின் எழுதிக்கொள்கிறோம் என்றால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இட ஒதுக்கீடு எப்படி வருகிறது என்பதை அரசிதழில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. உங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அதே ஊராட்சியின் வேறு வார்டில் நீங்கள் நிற்கலாம். வேட்பாளர் பெயர் அந்த ஊராட்சிப் பட்டியலில் இருந்தால் போதும், முன்மொழிபவர் மட்டும் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். அம்மாவை நிறுத்திவிட்டு நீங்கள் நிர்வாகம் பண்ணலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அம்மாவே விருப்பப்பட்டு நின்று அவரே கூட்டத்துக்குப் போவதென்றால் அதைவிட நல்லது இல்லை. நூறு நாள் வேலைக்குப் போவது தடையல்ல.

வேட்புமனு பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயத்தில்தான் தள்ளுபடியாகிறது. முதலாவது, வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி. நோட்டீஸ் கொடுத்தும் கட்டாமல் விட்ட நிலுவை இருந்தால் தகுதி போய்விடும். அறிவிப்புக்கு முன்பே கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஊராட்சியோடு நடப்பிலுள்ள ஒப்பந்தம். அப்பா கொத்தனார் என்பதால் இது உங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது: உங்கள் பெயரில் ஊராட்சிக் கட்டட வேலை எதுவும் எடுத்திருக்கக் கூடாது. மூன்றாவது, அரசு ஊழியரும் ஊராட்சி ஊழியரும் நிற்க முடியாது. மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் வேலையில் இருக்கும் நண்பர் நிற்க நினைத்தால் முதலில் அந்த வேலையை விட வேண்டும். தனியார் மில் வேலை தடையல்ல. நான்காவது, முன்மொழிபவர் பக்கத்து வார்டுக்காரராக இருந்துவிடுவது. ஒரே தெருவில் இரண்டு வார்டு வரும் ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். பட்டியலில் அவர் வரிசை எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள். உறுதிமொழி ஆவணத்தில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் கேட்பார்கள். இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள், வெறுமனே விடாதீர்கள். ஒதுக்கீட்டு இடத்துக்கும் டெபாசிட் சலுகைக்கும் சாதிச் சான்றிதழ் தேவை. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் நாள் கொடுத்தால் பிழையிருந்தாலும் திருத்த நேரம் இருக்கும்.

மனுக் கொடுத்ததிலிருந்து வாபஸ் நாள் வரைதான் நெருக்கடி அதிகம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், சில ஊர்களில் பதவியை ஏலமே விடுவார்கள். அது சட்டவிரோதம். வெற்றுத்தாளிலோ வாபஸ் படிவத்திலோ யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகை வாங்குங்கள். வேட்பாளர் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால், மனுத் தாக்கல் செய்யாமல் தடுப்பதும் வாபஸ் வாங்க மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(எல்)-இன்படி குற்றம். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும், தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சிகளில், 1996-க்குப் பின் பத்தாண்டு முறையாகத் தேர்தல் நடக்க விடாமல் வைத்திருந்தார்கள். 2006-ல்தான் அது மாறியது. இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பது தேவையானதுதான்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். வாக்குப்பதிவு நாள் சம்பளத்தோடு விடுமுறை, ஆனால் பிரசாரத்துக்கென்று தனி விடுப்பு இல்லை. மனுத் தாக்கல், பரிசீலனை, சின்னம் ஒதுக்கும் நாள், பிரசாரத்தின் கடைசி இரண்டு நாள், வாக்கு எண்ணிக்கைக்கு இரண்டு நாள் என்று ஈட்டிய விடுப்பை இப்போதே சேர்த்து வையுங்கள். எண்ணிக்கைக்கு இரண்டு நாள் ஏன் என்றால், 2020 ஜனவரி 2-ல் தொடங்கியது பல இடங்களில் மறுநாளும் நீடித்தது. விடுப்பை எழுத்தில் கேட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அதையே காரணமாகக் காட்டி வேலையில் கை வைக்கலாம்.

ஓட்டுக் கேட்கும்போது சின்னத்தோடு சீட்டின் நிறத்தையும் சொல்லுங்கள். கடந்த தேர்தல்களில் வாக்குச்சீட்டு முறைதான். ஒருவருக்கு நான்கு சீட்டு: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டு வந்தால் ஒன்றுக்கு நீலம். முத்திரையை இரண்டு சின்னத்தில் குத்தினாலோ, கைநாட்டு வைத்தாலோ ஓட்டு செல்லாது. 90 ஓட்டில் ஜெயிக்கும் வார்டில் ஐந்து செல்லாத ஓட்டு பெரிய விஷயம். பாட்டிமார்களுக்கு ஒரு மாதிரித் தாளில் மடித்துக் காட்டுங்கள்.

செலவுக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். நோட்டீஸ், ஆட்டோ, டீ எல்லாவற்றுக்கும் ரசீது. முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்க வேண்டும், தோற்றாலும் சரி, போட்டியின்றி வந்தாலும் சரி. கொடுக்காமல் விட்டவர்களை மூன்று ஆண்டு போட்டியிட முடியாதபடி தகுதி நீக்கம் செய்திருக்கிறார்கள். முதல் முறை தோற்ற இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், சலிப்பில் நோட்டை மூலையில் போட்டுவிடுவதால். கணக்கைக் கொடுத்து ஒப்புகை வாங்கி, அந்த வீடுவீடான நோட்டுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.