குடுவைத் தாவரங்களின் பெயர்கள்: கேள்வி பதில்

கேள்வி: நெப்பந்தஸ், சாரசீனியா, செஃபலோட்டஸ் மூன்றுமே குடுவையில்தான் பூச்சி பிடிக்கின்றன. இவை ஒரே குடும்பம்தானே?

பதில்: இல்லை. குடுவை என்பது உருவத்தைக் குறிக்கும் சொல்லே தவிர, உறவைக் குறிக்கும் சொல் அன்று. நெப்பந்தஸ், கள்ளிகள் அடங்கிய கேரியோஃபில்லேலிஸ் வரிசையைச் சேர்ந்தது. சாரசீனியா தேயிலைச் செடி இடம்பெறும் எரிக்கேலிஸ் வரிசையிலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் செஃபலோட்டஸ் புளியாரை இருக்கும் ஆக்சாலிடேலிஸ் வரிசையிலும் உள்ளன. சத்துக் குறைந்த மண்ணில் வாழ நேர்ந்த வெவ்வேறு மரபுகள், தனித்தனியே தம் இலையைக் குடுவையாக்கிக்கொண்டன.

கேள்வி: பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு நெப்பந்தஸ் என்னிடம் உள்ளது. குடுவையின் படத்தைப் பார்த்துச் சிற்றினத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: ஒரே ஒரு குடுவையை வைத்துச் சொல்வதை நான் தவிர்த்தே வருகிறேன். என்னிடமுள்ள ராஃப்ளீசியானா என்னும் நெப்பந்தஸ் சிற்றினம், தரையோடு இருந்த காலத்தில், முன்புறம் மயிர்விளிம்பு கொண்ட இரண்டு சிறகுகளுடன் குண்டான குடுவைகளைத் தந்தது. கொடியாக ஏறத் தொடங்கியதும், அதே தண்டில் சிறகுகள் மெல்லிய வரிகளாகக் குறுகி, புனல் வடிவக் குடுவைகள் வந்தன. பற்றுக்கம்பியும் குடுவையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தில் இணைந்திருந்தது. அடுத்தடுத்து வைத்தால் இரண்டு சிற்றினங்கள் என்றே எவரும் நினைப்பர். ஆகவே கீழ்க்குடுவை, மேற்குடுவை, இலைக்காம்பு தண்டோடு சேரும் விதம், பூங்கொத்து ஆகியவற்றையும் காட்டுங்கள். அதுவரை ‘நெப்பந்தஸ், சிற்றினம் தெரியாதது’ என்று எழுதி வையுங்கள். ஊகித்து எழுதிய பெயர், செடி கைமாறிய பின் உண்மைபோல் நிலைத்துவிடும். அதைத் திருத்துவது மிகக் கடினம்.

கேள்வி: வென்ட்ராட்டா என்னும் கலப்பின நெப்பந்தஸ், வென்ட்ரிகோசா, அலாட்டா என்னும் இரு சிற்றினங்கள் கலந்தது என்றே படித்திருக்கிறேன். இப்போது அது தவறு என்கிறார்களே?

பதில்: 2013-இல் சீக், ஜெப் என்னும் ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸின் அலாட்டா கூட்டத்தை மறுஆய்வு செய்து, அதுவரை அலாட்டாவுக்குள் அடக்கப்பட்டிருந்த கிராசிலிஃப்ளோராவைத் தனிச் சிற்றினமாக மீட்டெடுத்தனர். வளர்ப்பவர்களிடம் அலாட்டா என்று பரவியிருந்த செடிகளில் பெரும்பாலானவை கிராசிலிஃப்ளோராவே என்பதால், வென்ட்ராட்டாவின் பெற்றோரையும் அவ்வாறே திருத்திப் படிக்கிறார்கள். செடி மாறவில்லை, நம் அறிவு மாறியிருக்கிறது. புதிய பெயரை எழுதும்போது பழைய பெயரையும் வாங்கிய ஆண்டையும் சீட்டின் பின்புறம் குறித்து வையுங்கள். நாளை இன்னொரு திருத்தம் வந்தால் அந்தக் குறிப்பே துணைநிற்கும்.

கேள்வி: கலப்பினப் பெயரில் எதை முதலில் எழுதுவது?

பதில்: வளர்ப்போர் வழக்கப்படி விதை தந்த தாய்ச்செடியை முதலிலும், மகரந்தம் தந்ததைப் பெருக்கல் குறிக்குப் பின்னும் எழுத வேண்டும்.

கேள்வி: செஃபலோட்டஸ் ‘ஈடன் பிளாக்’ செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்து விதை எடுத்தேன். நாற்றுகளையும் அதே பெயரில் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இத்தகைய கல்டிவார் (வளர்ப்பு வகை) பெயர், தேர்ந்தெடுத்த அந்த ஒரு செடிக்கும், அதன் துண்டுகளிலிருந்தும் திசு வளர்ப்பிலும் பெருக்கிய செடிகளுக்கும் மட்டுமே உரியது. விதையில் பண்புகள் கலைந்து வருவதால், கருமை மிகுந்த நாற்றுக்கும் அந்தப் பெயர் சேராது. ‘ஈடன் பிளாக் தன்சேர்க்கை நாற்று’ என்று எழுதுவதே நேர்மை. அவற்றுள் ஒன்று உண்மையிலேயே தனித்துவமானது என்று பல பருவங்கள் பார்த்து உறுதியானால், விவரிப்பும் படமும் சேர்த்துப் பன்னாட்டு ஊனுண்ணித் தாவரச் சங்கத்தில் வேறு பெயரில் பதியலாம். 1959-க்குப் பின்னான விதிப்படி அது லத்தீன் வடிவில் இருக்கக் கூடாது.