அப்பாவின் சந்தா

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் அம்பாசமுத்திரம். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் தவறிவிட்டார். அவர் பேருக்கு இரண்டு மாத இதழ்கள் இன்னும் தபாலில் வந்துகொண்டிருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ‘இத்துடன் உங்கள் சந்தா முடிகிறது’ என்று சிவப்பு மையில் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா ‘கட்டிவிடு’ என்கிறாள். நான் அந்த இதழ்களைப் பிரித்ததுகூட இல்லை. அதில் வருவதில் பாதி எப்படியும் என் ஃபோனுக்கு வந்துவிடுகிறது. ‘கல்கி’யே 2020இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இனி அச்சு இதழ் எதற்கு? தாளின் வாசனை, பக்கம் புரட்டுகிற சுகம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. பரணில் எட்டு சாக்கு பழைய இதழ்கள் வேறு கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகன் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

அப்பாவைப் பற்றி வாசித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஆள் போன பிறகும் அவர் பேருக்குத் தபால் வந்துகொண்டிருப்பது ஒரு தனி வேதனை. அம்மா ஏன் கட்டச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வாசனையைப் பற்றிப் பேச மாட்டேன். பழைய இதழைப் பிரித்தால் எனக்கு அடுக்குத் தும்மல் வரும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன்.

இந்தப் பதிலையும் இணையத்தில்தான் எழுதுகிறேன், அதனால் அச்சுக்கு வக்காலத்து வாங்க நான் சரியான ஆளும் இல்லை. ஒன்றை எழுதிப் போட்ட பத்தாம் நிமிஷம் குவைத்தில் இருந்து ஒருவர் சண்டைக்கு வருகிறார். பார்வை இல்லாத நண்பர் ஒருவர் ஃபோனையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சாயங்காலம் கூப்பிட்டுப் பேசுகிறார். அச்சு இதழ் அவர் கைக்குப் போனாலும் வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். இதெல்லாம் சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் எனக்கு நடந்த இரண்டு காரியங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்றிதழில் தாமிரபரணிப் படித்துறைகளைப் பற்றி எழுதினேன். போகிற போக்கில், திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் சேர்க்கிற சுலோசன முதலியார் பாலம் 1834இல் கட்டியது என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த நாலாம் நாள் பாளையங்கோட்டையில் இருந்து ஒரு தபால் கார்டு. ‘பாலம் திறந்தது 1843. தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்த மனுஷனுக்கு வருஷத்தையாவது ஒழுங்காகக் கொடும்.’ அவ்வளவுதான். அடுத்த இதழில் மூன்று வரியில் திருத்தம் போட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் இன்றைக்கும் யாராவது அந்த இரண்டு இதழ்களையும் வைத்திருந்தால் என் தப்பும் இருக்கும், அந்தப் பெரியவரின் திருத்தமும் இருக்கும்.

இப்போது இணையத்துக்கு வருவோம். போன வருஷம் இதே தளத்தில் ஒரு மூத்த எழுத்தாளரைப் பற்றிக் கொஞ்சம் காரமாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. பல் தேய்ப்பதற்கு முன்னால் அதை அழித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. பிறகு சேர்த்த ஒரு நல்ல வாக்கியத்தைப் பாராட்டி இரண்டு கடிதம்கூட வந்தது! நான் செய்தது தப்பா சரியா என்பதை விடுங்கள். அது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அச்சில் வந்திருந்தால் நான் அந்தப் பத்தியோடு வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

அச்சான இதழ் முடிந்துபோன ஒன்று. ஆசிரியரும் தொட முடியாது, எழுதினவனும் தொட முடியாது. அதைக் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

முடிப்பது என்பதும் லேசுப்பட்டது இல்லை. 16 பக்கம் ஒரு ஃபாரம். நாலு ஃபாரம் என்றால் 64 பக்கம், அதற்கு மேல் அரைப் பக்கம் போனாலும் கையைக் கடிக்கும். அதனால் ஆசிரியர் வெட்டுவார், நாம் கோபித்துக்கொள்வோம், ஆறு மாசம் கழித்து வெட்டியது சரி என்று தெரியும். என் முதல் கவிதை அச்சானதே ஒரு கதை அரைப் பக்கம் முன்னால் முடிந்துபோனதால்தான். ஆசிரியரே சொன்னார். காலி இடத்தால் கவிஞன் ஆனவன் நான். (இந்தத் தளத்தில் என்னை வெட்ட ஆள் இல்லை. அது உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கும்.)

நம் ஊர்க்காரர் புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் செத்துப்போனார். கதைகளை ‘மணிக்கொடி’யிலும் வேறு பல இடங்களிலும், சிலதைப் புனைபெயரிலும் எழுதினார். 2000இல் ஆ.இரா. வேங்கடாசலபதி அவர் கதைகளுக்குச் செம்பதிப்புக் கொண்டுவந்தபோது, எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது, புத்தகமானபோது எந்த வார்த்தை மாறியது என்று தேடித்தேடிக் குறித்தார். எப்படி முடிந்தது? யாரோ சிலர் அந்த இதழ்களைத் தூரப் போடாமல் வைத்திருந்தார்கள். எட்டயபுரத்தானுக்கும் அதே கதைதான். பாரதி ‘இந்தியா’ பத்திரிகையில் எழுதியதை எல்லாம் சீனி. விசுவநாதன் போன்றவர்கள் கிடைத்த இதழ்களைப் புரட்டித்தான் வரிசைப்படுத்தினார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்து வைத்தது இன்றைக்குச் சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் சேர்த்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப்பார்க்கிறேன்.

நீங்கள் கணினிக்காரர், ஃபைல் அழியாது என்பீர்கள். என்னிடம் 2002 வாக்கில் ஒரு இணைய இதழுக்கு எழுதிய ஏழு கட்டுரைகள் இருந்தன. அந்தத் தளத்துக்கு யாரோ வருஷப் பணம் கட்ட மறந்தார்கள், போயிற்று. என் கையில் இருக்கிற ஃபைல் பாமினி எழுத்துருவில் அடித்தது. இந்தக் கம்ப்யூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கோலமும்தான் தெரிகிறது. மாற்றித் தர வழி இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான், செய்து தந்தால் சந்தோஷம். அந்தக் காலத்து யாகூ குழுமங்களில் நம் ஆட்கள் விடிய விடியச் செய்த இலக்கியச் சண்டைகள் எல்லாம் 2020க்குள் துடைத்துப் போட்டாயிற்று. இருபது வருஷம்கூடத் தாங்கவில்லை.

தாள் மட்டும் சாசுவதமா என்றால், இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கீழ் அறையில் இடுப்பளவு தண்ணீர். முப்பது வருஷமாகச் சேர்த்த இதழ்கள் ஊறி, களியாகிப்போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினேன். அன்றைக்கு ராத்திரி இணையமே தேவலை என்று நானும் சொன்னேன்.

மறு மாசம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணத்தில் இதைச் சொல்லி, நான் படித்துறை பற்றி எழுதின அந்தச் சிற்றிதழும் போயிற்றே என்று புலம்பினேன். பந்தியில் எதிரே இருந்த ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கை கழுவிவிட்டு வந்து, ‘அந்த இதழ் என்னிடம் 40 கிடக்கும், வந்து எடுத்துக்கிடும்’ என்றார். போனேன். 40 இல்லை, 53 இருந்தன. அதில் என் பாலத்துக் கட்டுரையும் இருந்தது. 1834ஐ அடித்து, பென்சிலால் ஓரத்தில் 1843 என்று எழுதி வைத்திருந்தார். திருத்தம் வந்த இதழில் இருந்து அந்த மூன்று வரியை வெட்டி அதே பக்கத்தில் ஒட்டியும் இருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்.

500 பிரதி அச்சடித்தால் 500 வீட்டுக்குப் போகிறது. 400 பழைய பேப்பர் கடைக்குப் போகும், 50ஐ ராமபாணப் பூச்சி தின்னும், 20ஐ வெள்ளம் கொண்டுபோகும். மிச்சம் எங்கோ ஒரு பரணில் கிடக்கும். யாரும் யாரையும் கேட்டு வைத்திருக்க வேண்டியதில்லை, பாஸ்வேர்டு வேண்டியதில்லை. நடத்தியவர் கடன்பட்டு இதழை நிறுத்திய பிறகும் கிடக்கும். நம் தொ.மு.சி. ரகுநாதன் 1950களில் நடத்திய ‘சாந்தி’ சில வருஷம்தான் வந்தது. சுந்தர ராமசாமி ஆரம்பத்தில் எழுதிய இடம் அது. அதை இன்றைக்கும் நாம் பேசுகிறோம் என்றால் இப்படி யாரோ வைத்திருந்ததால்தான்.

சந்தா விஷயம் உங்கள் இஷ்டம். கட்டினால் உங்கள் பேருக்கு மாற்றாமல் அப்பா பேரிலேயே விட்டுவிடுங்கள், அம்மாவுக்கு அது போதும். நீங்கள் பிரித்துப் பார்க்கவில்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஆனால் அந்த எட்டு சாக்கைக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரையில் வைக்க வேண்டாம், பலகை போட்டு அதன்மேல் வையுங்கள், நடுநடுவே கொஞ்சம் வசம்பு தட்டிப் போடுங்கள். அப்பா தமிழாசிரியர் என்றால் ஓரத்தில் ஏதாவது எழுதியிருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மூக்குக்குத் துண்டை நானே கொண்டுவந்துவிடுவேன்.

அன்புடன்,
அண்ணாச்சி