நாலு வாட்ஸ் போதும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இங்கிலாந்தின் லெஸ்டரில் பழைய பொருட்கள் விற்கும் கார் பூட் சந்தை ஒன்றில் ‘சிபி 27/81’ முத்திரை போட்ட பழைய சி.பி. ரேடியோ வாங்கினேன், பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ. மூன்று மைல் தள்ளியிருக்கும் நண்பனிடம் புது செட். இருவரும் 14ஆம் சானலில் கூப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை. என் மேக்னெட் ஆன்டெனா மாடி ஜன்னல் திண்டில் இருக்கிறது. ஆன்டெனா எவ்வளவு சக்தியைத் திருப்பி அனுப்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 3 காட்டுகிறது. சக்தியைக் கூட்டும் 100 வாட்ஸ் பெருக்கி, அதாவது பர்னர், வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?

அன்புள்ள தம்பி,

லைசென்ஸ் 2006 டிசம்பரிலேயே போய்விட்டது, அதை விடுங்கள். அந்தப் பழைய செட்டைக் குப்பைக்குப் போகவிடாமல் வாங்கினீர்களே, அதற்கு உங்களைக் கட்டியணைத்துக்கொள்ளலாம்.

உங்கள் செட் 1981 நவம்பர் 2 அன்று பிரிட்டன் அனுமதித்த 40 எஃப்.எம். சானல்களுக்கானது. அதில் 14 என்றால் 27.73125 மெகாஹெர்ட்ஸ். நண்பரின் செட் ஐரோப்பிய வரிசையில் இருந்தால் அதே 14, 27.125. பிறகு எப்படிக் கேட்கும்? யுகே வரிசைக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் செட்டின் முகப்பில் ‘10 டிபி’ பொத்தான் இருக்கும். ஆன்டெனா 7 மீட்டருக்கு மேலே போனால் சக்தியைக் குறைக்கவேண்டும் என்ற அந்தக்கால விதிக்காக வைத்தது. அது அழுந்திக் கிடந்தால் நாலு வாட்ஸ் 0.4 ஆகிவிடும்.

ஆனால் பர்னர்! இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 4 வாட்ஸை 100 ஆக்கினால் கிடைப்பது 14 டெசிபல், எதிராளியின் செட்டில் சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டரில் இரண்டு எஸ் புள்ளிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வாய் பெரிதாகும், காது அப்படியேதான் இருக்கும். ஆன்டெனாவைச் சரிசெய்தால் இரண்டும் கூடும். எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றால் அனுப்புவதில் கால்வாசி திரும்பி வருகிறது. அதன்மேல் 100 வாட்ஸைத் திணித்தால் பர்னரின் டிரான்சிஸ்டர் போகும், அக்கம்பக்கத்து ஸ்பீக்கர்கள் இரையும். சட்டம் வருவதற்கு முன் ஓடிய அமெரிக்க ஏ.எம். செட்டுகளால் சி.பி.யின் பெயர் கெட்டதே இப்படித்தான். மறுபடியும் அதையா செய்யப்போகிறீர்கள்?

மேக்னெட் ஆன்டெனாவுக்கு அடியில் கார் கூரை போன்ற அகலமான இரும்புத் தகடு வேண்டும். ஜன்னல் திண்டில் அது பாதி ஆன்டெனாதான். தோட்டத்தில் ஓரடி இடம் இருந்தாலும் போதும், 7 மீட்டர் ஃபைபர் தூண்டில் கம்பை நட்டுவிடலாம். கார்பன் கம்பு மட்டும் வேண்டாம், அது மின்சாரம் கடத்தும். 2.70 மீட்டரில் இரண்டு ஒயர் வெட்டி, கம்பில் ஒன்றை மேலாகவும் ஒன்றைக் கீழாகவும் கட்டுங்கள். 50 ஓம் கோஆக்ஸ் ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பியை மேல் ஒயரிலும் அதைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலைக் கீழ் ஒயரிலும் பற்றவையுங்கள். சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே 1.2 மீட்டர் கேபிளை ஆறேழு சுற்றாகச் சுருட்டிக் கட்டி, அங்கிருந்து கேபிளைக் கம்புக்குக் குறுக்காக விலக்கிக் கொண்டுபோங்கள். கீழ் ஒயரை ஒட்டி இறக்கினால் மீட்டர் பொய் சொல்லும். பற்றவைத்த இடத்தை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். பின்னலுக்குள் மழைநீர் ஏறிவிட்டால் அது கறுத்துப்போகும், பிறகு கேபிளையே மாற்றவேண்டியதுதான்.

எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை 1, 20, 40 ஆகிய சானல்களில் பாருங்கள். 40இல் அதிகமென்றால் ஒயர் நீளமாக இருக்கிறது, இரு முனையிலும் ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டுங்கள். 1இல் அதிகமென்றால் குட்டை. 1.5க்குக் கீழே வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நண்பரின் ஆன்டெனாவும் செங்குத்தாக நிற்கிறதா என்று கேளுங்கள். ஒன்று நின்று ஒன்று படுத்திருந்தால் 20 டெசிபல் வரை போய்விடும், பர்னர் தருவதைவிட அதிகம்.