மீன் குளத்துக்குக் காற்றாலை போதுமா?

கேள்வி: கடலோரத்தில் 1,000 சதுர மீட்டர் மீன் குளம், ஆழம் 1.2 மீட்டர். கால்வாயிலிருந்து தண்ணீரை 2 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டும். டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. காற்று நன்றாக அடிக்கிறது, காற்றாலை வைக்கலாமா?

தண்ணீர் மாற்ற மட்டும் என்றால் தாராளமாக வைக்கலாம். உங்கள் குளம் பிடிப்பது 12 லட்சம் லிட்டர், தினமும் பத்தில் ஒரு பங்கு மாற்ற 1.2 லட்சம் லிட்டர் வேண்டும். விசிறியின் விட்டம் 4 மீட்டராக இருந்து காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நிலையாக அடித்தால், 2 மீட்டர் ஏற்றத்துக்கு மணிக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர் வரும், அதாவது எட்டரை மணி நேர வேலை. ஆனால் வேகம் 3 மீட்டராகக் குறைந்தால் கால் பங்குதானே போகும் என்று நினைக்காதீர்கள், காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் மணிக்கு 6,000 லிட்டர்தான் தேறும்.

பம்பில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஆழ்கிணற்றுக்கான பிஸ்டன் பம்பு கொஞ்சம் தண்ணீரை உயரமாக ஏற்றுவதற்கானது, உங்களுக்கோ நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் ஏறினால் போதும். அதற்குத் திருகு பம்புதான் சரி, அதாவது குழாய்க்குள் திருகு சுழன்று தண்ணீரை மேலே தள்ளும் வகை. நெதர்லாந்தில் காற்றாலைகள் பள்ள நிலங்களை வடித்ததும், தாய்லாந்து உப்பளங்களில் பாய்மரக் காற்றாலைகள் பலகைச் சங்கிலியால் கடல்நீரை ஏற்றியதும் இதே மாதிரியான தாழ்ந்த இறைப்புதான். ஓதம், அதாவது கடல் ஏற்றம், நன்றாக ஏறும் இடமென்றால் முதலில் மதகு வையுங்கள், பாதித் தண்ணீர் சும்மாவே வந்துவிடும்.

அப்புறம், நான் உண்மையிலேயே பயப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. கடற்காற்று பிற்பகலில் வலுத்து இரவில் அடங்கிவிடும், ஆனால் குளத்து நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைவது விடியலுக்குச் சற்று முன்புதான். மீனுக்கு மூச்சு முட்டுகிற அந்த நேரத்தில் உங்கள் காற்றாலை அசையாமல் நிற்கும். அதனால் பகலில் இறைப்பதில் ஒரு பகுதியைக் குளத்தைவிட உயரமான தொட்டியில் தேக்கி, பின்னிரவில் தெறித்து விழும்படி திறந்துவிடுங்கள், அதுவும் கொஞ்சம்தான் உதவும். மீன் நெருக்கமாக விட்டிருந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரும் அதை ஓட்ட டீசல் இஞ்சினும் இருந்தே ஆக வேண்டும், தயவுசெய்து இஞ்சினை விற்றுவிடாதீர்கள்.

உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். தண்ணீரில் நனையும் பாகங்கள் பிளாஸ்டிக்கிலோ, கடல்நீர் தாங்கும் 316 ரக எவர்சில்வரிலோ இருக்கட்டும், குஞ்சுகள் வளரும் குளமென்றால் செம்பு, பித்தளை வேண்டாம், கரையும் செம்பைக் குஞ்சு தாங்காது. உறிஞ்சு குழாயில் கொட்டலசு என்கிற ஓட்டுயிரியும் சிப்பியும் ஒட்டி அடைக்கும், கழற்றிச் சுரண்ட வசதியாகப் பொருத்துங்கள். புயல் காற்றில் விசிறி தானாகவே முகம் திருப்பிக்கொள்ளும் அமைப்பு இல்லாத காற்றாலையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் விசிறி நிற்கப்போகும் உயரத்தில் காற்றுமானியைக் கட்டி, முடிந்தால் ஓராண்டு அளந்து பாருங்கள். காற்று மந்தமாக இருக்கும் மாதங்களின் கணக்கை வைத்து அளவைத் தீர்மானியுங்கள்.