கையை உதறுகிறான், நூலைச் சுழற்றுகிறான்: எப்படி நிறுத்துவது?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. நாலு வயதில் ஆட்டிசம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேசுவான், ஆனால் குறைவு. தாத்தாவின் தறியிலிருந்து எடுத்த முழ நீள நீல நூலை எந்நேரமும் கையில் வைத்துக்கொண்டு கண்ணுக்குப் பக்கத்தில் சுழற்றுகிறான். சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் படபடவென்று உதறுகிறான். வகுப்பில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கிறான். மற்ற பிள்ளைகளின் கவனம் கலைகிறது, பழக்கத்தை நிறுத்திவிட்டு அனுப்புங்கள் என்கிறார் புதிதாக வந்த டீச்சர். வீட்டில் ஆயா, அதாவது பாட்டி, ஒரு நாள் நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். அன்று ராத்திரி பையன் சுவரில் தலையை மோதிக்கொண்டிருக்கிறான். மறுநாள் அம்மாவே இன்னொரு துண்டு நூலை வெட்டிக் கொடுத்திருக்கிறார். “நான் செய்தது தப்பா? இதை எப்படி நிறுத்துவது? வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு வருகிறது. போன வருஷம் அங்கே கையை உதறிக் கத்தினதை ஊரே பார்த்தது” என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் செய்தது தப்பில்லை அம்மா. அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த சிகிச்சையே நீங்கள் வெட்டிக் கொடுத்த அந்த நூல்தான்.

இப்படி உடம்பை ஒரே மாதிரி அசைப்பது, ஒரே சத்தத்தை எழுப்புவது, ஒரே பொருளைத் தடவுவது, சுழற்றுவது, முகர்வது எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டிம்மிங் என்கிறார்கள். தமிழில் தற்தூண்டல் என்று எழுதுவார்கள், ஆனால் நம் சிகிச்சை அறைகளில் அம்மாக்களும் ஸ்டிம்மிங் என்றுதான் சொல்கிறார்கள். ஆட்டிசத்தின் அடையாளங்களில் இதுவும் ஒன்று. 1943-ல் லியோ கானர் முதன்முதலாக 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியபோதே இந்தத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறித்துவைத்தார். அப்புறம் பல காலம் மருத்துவ உலகம் இதை அர்த்தமில்லாத அசைவு என்றே பார்த்தது. சத்தம், வெளிச்சம், தொடுதல் போன்றவற்றை ஆட்டிசம் உள்ளவர்கள் அதிகமாகவோ குறைவாகவோ உணர்கிறார்கள் என்பது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அதிகாரபூர்வ அடையாளமாக ஏறியதே 2013-ல்தான்.

செய்கிறவர்களிடமே ஏன் செய்கிறீர்கள் என்று கேட்க இவ்வளவு காலம் ஆனது எனக்கு இன்றும் ஆறவில்லை. ஸ்டீவன் கேப் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, 2019-ல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இரண்டு. ஒன்று, இது எங்களை நாங்களே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. பதற்றம் ஏறும்போதும் செய்கிறோம், சந்தோஷம் தாங்காதபோதும் செய்கிறோம். இன்னொன்று, பிறர் பார்வைதான் எங்களுக்கு வேதனை, அசைவு அல்ல. புரிந்துகொண்டவர்கள் நடுவில் அந்த வேதனை இல்லை.

கால்நடைத் துறைப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர். சின்ன வயதில் கடற்கரை மணலை விரல் இடுக்கில் ஒழுகவிட்டு ஒவ்வொரு மணியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அப்போது சுற்றி நடப்பது எதுவும் உள்ளே வராது என்று சொல்லியிருக்கிறார். பள்ளி மணிச் சத்தம் அவருக்குப் பல் மருத்துவரின் துளைப்பான் நரம்பில் பட்டது போல இருந்ததாம். அப்படிப்பட்ட காதோடு ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு மணல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பையனின் முனகலும் அப்படியே. நாற்பது பிள்ளைகள், தகரக் கூரை, கிறீச்சிடும் பெஞ்ச், எப்போது அடிக்கும் என்று தெரியாத மணி. வெளியிலிருந்து வரும் சத்தம் எப்போது எப்படி வரும் என்று அவனுக்குத் தெரியாது. தன் தொண்டையிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ மட்டும் அவன் கையில் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை மூடிக்கொள்கிறான். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் என்னிடம் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சட்டைப் பைக்குள் ஒரு பித்தானை வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். மீட்டிங்கில் அதை உருட்டாமல் அடக்கி உட்கார்ந்தால், அடக்குவதிலேயே மூளை போய்விடுகிறது, யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் நினைவில் நிற்பதில்லை என்பார். ஆகவே டீச்சர் பார்ப்பதற்கு நேர்மாறாகத்தான் விஷயம் இருக்கிறது. முனகும்போதுதான் உங்கள் பிள்ளை பாடத்தைக் கேட்கிறான்.

இதை நானும் ஒரு காலத்தில் அறியாதவளாகத்தான் இருந்தேன். தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) படித்து முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையை மடியில் வைத்தால் கடலை மிட்டாய், உதறினால் இல்லை என்று பிள்ளைகளைப் பழக்கினேன். அப்படித்தான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் மூன்றே வாரத்தில் கையை உதறுவதை விட்டுவிட்டான். எல்லோரும் பாராட்டினார்கள். நாலாவது வாரம் அவன் அம்மா முந்தானையைக் காட்டினார். துடைத்த இடமெல்லாம் ரத்தம். பையன் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தான். கையை நிறுத்தினேன், தேவை நிற்கவில்லை. யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து அது போய்விட்டது. அந்த முந்தானையை நான் மறக்கவில்லை. நூல் போன அன்று உங்கள் பையன் சுவரில் மோதிக்கொண்டதும் இதே கணக்குதான்.

எனவே எப்படி நிறுத்துவது என்பதை விட்டுவிட்டு, இது அவனுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, முகம் எப்படி இருந்தது. சந்தோஷ உதறல் வேறு, பதற்ற உதறல் வேறு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சந்தோஷத்தில் கை விரிந்து மேலே போகும், குதிகால் எழும்பும். பதற்றத்தில் தோள் இறுகும், விரல் மடங்கும், மூச்சு வேகமாகும். இது ஒவ்வொரு பிள்ளைக்கும் கொஞ்சம் மாறும், உங்கள் பிள்ளையின் அகராதியை நீங்கள்தான் எழுத வேண்டும். சந்தோஷ உதறலில் நமக்கு வேலையே இல்லை. பதற்ற உதறல் என்றால் கையைப் பிடிக்காதீர்கள், பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

தலையிடவேண்டிய இடம் ஒன்று உண்டு: அவன் உடம்புக்கோ பிறருக்கோ காயம் வருமானால். தலையை மோதுவது, கையைக் கடிப்பது, தோலைப் பிய்ப்பது, கண்ணைக் குத்துவது எல்லாம் அதில் சேரும். மோதும் நேரத்தில் கத்த வேண்டாம், தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணையையோ உங்கள் உள்ளங்கையையோ வையுங்கள். பேச்சைக் குறையுங்கள், விளக்கை அணையுங்கள். இதுவரை இல்லாதது திடீரென்று தொடங்கினால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். காதுவலி, சொத்தைப் பல், மலச்சிக்கல் இவற்றைச் சொல்லத் தெரியாத பிள்ளை தலையை மோதித்தான் சொல்லும். மண், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்றால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டாலும் தொட்டாலும் கவனம் திரும்பாமல், கண் சொருகி, அசைவு ஒரே வீச்சில் வந்து போனால் அது வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், வாயால் விவரிப்பதைவிட அது பத்து மடங்கு உதவும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிற நம்பிக்கை நிலையம், வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் இருக்கிறது, உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஸ்டிம்மிங்கை நிறுத்த மருந்து என்று யாராவது பாட்டிலை நீட்டினால் வாங்காதீர்கள், அப்படி ஒன்று இல்லை. கடும் ஆவேசத்துக்கும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் டாக்டர் எழுதும் மருந்து வேறு விஷயம்.

கண்ணுக்குப் பக்கத்தில் நூல் சுழல்வதால் ஆபத்தில்லை. அதே இடத்தில் பென்சிலோ ஈர்க்குச்சியோ வந்தால் மாற்றி நூலைக் கொடுங்கள்.

பள்ளிக்கு வருவோம். டீச்சரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் உட்கார்ந்து பேசுங்கள். நாற்பது பிள்ளைகளை ஒற்றையாய்ச் சமாளிக்கும் அவருக்கும் பாரம் இருக்கிறது. மூன்று விஷயம் கேளுங்கள். சுவரோரம் கடைசி இடம் வேண்டும், முதுகுப் பக்கம் யாரும் நடக்காத இடமாக. எழுதுவதற்கு முன் அவனை ஏதாவது கனமானதைத் தூக்கவிடுங்கள்: நோட்டுக் கட்டை ஆபீஸ் ரூமுக்குக் கொண்டுபோகட்டும், தண்ணீர்க் குடத்தை நகர்த்தட்டும். தசைக்கும் மூட்டுக்கும் அழுத்தம் கிடைத்தால் பல பிள்ளைகள் கொஞ்ச நேரம் தணிந்திருப்பார்கள். நூல் பையில் இருக்கட்டும். முனகல் உண்மையிலேயே பக்கத்துப் பிள்ளைக்கு இடைஞ்சல் என்றால், கடிப்பதற்கென்றே சிலிக்கானில் செய்து கயிற்றில் தொங்கவிடுவது கிடைக்கிறது, அதைக் கொடுத்துப் பாருங்கள். தொண்டையின் வேலையைத் தாடை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாமலும் போகலாம், அப்போது வற்புறுத்த வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரை வகுப்புக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வது சுலபமாக ஏறும்.

அப்படியும் பையனை அழைத்துப்போகச் சொன்னால் இதைத் தெரிந்துவைத்திருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்துதர வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்கிவிடுங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆயாவைத் திட்டாதீர்கள். சின்னதிலேயே திருத்தாவிட்டால் பேரன் கெட்டுப்போவான் என்ற பயம் அவருக்கு. காலாட்டினாலே வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அது. அவரிடம் ஒன்று கேளுங்கள். இந்தப் பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டியது யார்? ஆட்டினால் அழுகை அடங்கும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இப்போது தூளிக்கு வயது தாண்டிவிட்டது, அவனே தன்னை ஆட்டிக்கொள்கிறான். முடிந்தால் வீட்டு உத்திரத்தில் கனம் தாங்கும் கொக்கியில் பழைய புடவையைக் கட்டி ஊஞ்சலாக்குங்கள், பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் ஆயாவே ஆட்டிவிடட்டும். தறிக்குழியில் கால் மிதித்து, நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட, ஒரே தாளத்தில் வாழ்ந்த தாத்தாவுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கடிதத்தில் தாத்தா பையனை ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவன் தறிக்குப் பக்கத்தில் போய் உட்காரும்போது முனகுகிறானா என்று பாருங்கள். எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

திருவிழாவுக்குக் கட்டாயம் போக வேண்டுமா என்று முதலில் அவனிடம் கேளுங்கள், இரண்டு படம் காட்டிக் கேட்டாலும் போதும். போவதென்றால் சிரசு ஊர்வலம் கிளம்பும் நெரிசலில் வேண்டாம். சத்தமும் கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். ஆலைத் தொழிலாளர்கள் போடும் காது மூடி ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டில் போட்டுப் பழக்குங்கள். அன்றைக்குப் புதிதாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவான். திரும்பி வரும் வழியையும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். வெறித்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரே வாக்கியம் போதும்: “சத்தம் அவனுக்கு அதிகமாக் கேட்கும், இப்படித்தான் சமாளிப்பான்.” அவன் காதில் விழ, கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவன் அம்மா அவனைப் பற்றி ஊருக்கு என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

நூல் விஷயம் ஒன்று பாக்கி. இப்போது வைத்திருக்கும் துண்டும் ஒரு நாள் நைந்து அறுந்துபோகும், அது பஸ்ஸில் நடந்தால் அன்றைய பொழுது சிரமம். தாத்தாவிடம் அதே கண்டிலிருந்து, அதே நீளத்துக்கு நாலைந்து துண்டு கேட்டு வாங்கி உங்கள் பையிலும் அவன் பையிலும் போட்டுவையுங்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலென்றால் கஞ்சி ஏறி விறைப்பாக இருக்கும், அவன் விரல் உடனே கண்டுபிடித்து வேண்டாம் என்றுவிடும். வெந்நீரில் இரண்டு அலசு அலசி, நிழலில் காயவைத்துக் கொடுங்கள்.